காலைக் கிண்ணத்துச் சிவப்பு மாத்திரை

மின்வாரியத்தில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிய ஜெயராமுக்கு, எதையும் அட்டவணை போட்டுச் சுவரில் மாட்டினால்தான் நம்பிக்கை வரும். மனைவி ஹம்சாவின் உயிரையும் அப்படித்தான் ஓர் அட்டவணையில் எழுதி, மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக் கூடத்தில், நாள்காட்டிக்குக் கீழே ஆணியடித்து மாட்டியிருந்தார். நான்கு வகை மாத்திரை, நாளைக்கு ஐந்து வேளை. நுரையீரலின் ரத்தக் குழாய்களை இளக்கச் சிவப்பு மாத்திரை. ரத்தம் உறையாமலிருக்க இன்னொன்று. காலில் கோத்துக்கொள்ளும் நீரை வடிக்க ஒன்று. அசந்துபோன இதயத்தைத் தட்டிக்கொடுக்க ஒன்று.

அடையாறு டாக்டர் ராமானுஜம் ஜெயராமின் உத்தியோகத்தைக் கேட்டுக்கொண்டு அவர் பாஷையிலேயே விளக்கியிருந்தார். "கையில பட்டை சுத்திப் பார்க்கற பிரஷர் இல்ல சார் இது. அது உங்க வைஃபுக்கு நார்மல். நுரையீரல் குழாய்க்குள்ள மட்டும் மூணு மடங்கு ஏறிக் கிடக்கு. வால்வை மூடி வெச்சுட்டு மோட்டாரைப் போட்டா என்ன ஆகும்?"

"மோட்டார் காயில் எரிஞ்சுபோகும்."

"அதான் இவங்க ஹார்ட். இந்த வியாதிக்குன்னு தனியா ஒரு மருந்து நம்ம ஊர்ல கிடையாது. நாலையும் சேர்த்துக் குடுத்துத்தான் ஓட்டணும். இவங்களுக்குச் சிவப்பு நல்லா வேலை செய்யுதுன்னு டெஸ்ட்ல பார்த்துட்டோம், அது அதிர்ஷ்டம். அந்தச் சிவப்பு மட்டும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது."

பிறகு டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டார். ரத்த சம்பந்தத்தில் யாராவது இப்படி மூச்சு முட்டி இறந்திருக்கிறார்களா? ஜெயராம் கண்ணைக் கூடச் சிமிட்டாமல் இல்லை என்றார். ஹம்சாவின் அக்கா ஜானு சின்ன வயதில் போய்விட்டாள், ஆனால் அது விஷ ஜுரம் என்றார். ஜானு வேறு யாருமில்லை, ஜெயராமின் முதல் மனைவி. மூத்தவள் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை விட்டுவிட்டுப் போனதும், குழந்தைக்காக என்று சொல்லி இளையவளைக் கட்டிவைத்தார்கள். அந்தக் குழந்தை ஷ்ரேயாவுக்கு இப்போது இருபது வயது. தி. நகரில் ஒரு நல்ல இடம் அமைந்திருக்கிறது. பையன் சாய்நாத் வங்கியில் வேலை. அந்த நேரத்தில் பெண்ணின் குடும்பத்தில் வியாதி என்று ஒரு கேஸ் ஷீட்டில் எழுத விட்டுவிட்டு வர அவர் என்ன பைத்தியமா? தி. நகருக்கும் அடையாறுக்கும் நடுவே எத்தனை மாமிகள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்து, ஹம்சாவின் கட்டிலை மாடியிலிருந்து கூடத்துக்கு இறக்கினார். தீபாவளிக்கு முந்தின வாரம் அது. அதிலிருந்து அவள் படியேறவில்லை. கூடத்திலிருந்து சமையலுள் வரை நடப்பதே அவளுக்குப் பெரிய யாத்திரையாகிவிட்டது. மாடி அறையில் ஷ்ரேயா மட்டும் படுத்துக்கொண்டாள்.

மாத்திரைகளுக்கு ஜெயராம் கண்டுபிடித்த ஏற்பாடு அஞ்சறைப் பெட்டி. கடுகும் மிளகும் இருந்த எவர்சில்வர் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, ஐந்து கிண்ணத்தில் ஐந்து வேளை மாத்திரைகளைப் போட்டு ஹம்சாவின் தலைமாட்டு ஸ்டூலில் வைப்பார். காலை ஐந்தரைக்கு நிரப்பி வைத்தால், ஆறு மணிக்கு எழுந்து முதல் கிண்ணத்தை அவள் விழுங்க வேண்டியது. ஒன்றரை மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் அவள் காலைக் கிண்ணத்தை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டு, "என்ன, இன்னிக்கு மூணுதான் இருக்கு?" என்றாள்.

சிவப்பைக் காணோம். ஜெயராம் தன்னையே திட்டிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மறுநாளும் காணோம். அதற்கு மறுநாள் கிண்ணத்தில் போட்டதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மூன்றுதான் இருந்தன. மற்ற நான்கு கிண்ணங்களில் கை படவில்லை. காலைக் கிண்ணத்திலிருந்து, சிவப்பு மட்டும், ஒன்றே ஒன்று.

முதலில் அவர் சந்தேகப்பட்டது வேலைக்காரி ரத்னாவை. படித்த மனுஷர் புத்தி அங்கேதானே முதலில் போகும். வாசல் தெளிக்க ஐந்தரைக்கு வருபவள் அவள்தான்.

ரத்னா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒத்த மாத்திரைய எடுத்துனு போய் நான் இன்னா சாமி பண்ணப் போறேன்? என் வூட்ல யாருக்கு நெஞ்சு வலி கீது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "நீங்கோ குளிக்கச் சொல்லோ உள்ள யாரோ மாடிப்படி ஏறிக்கினு கீறாங்கோ. மூச்சு வாங்கிக்கினு, நின்னு நின்னு. நான் கோலம் போட்டுக்கினே காதால கேட்டுக்கினுதான் கீறேன். பாப்பான்னு நெனச்சேன். பாப்பா தூங்கினுதான் இருக்குது."

அடுத்து ஹம்சாவையே கேட்டார். அந்த மாத்திரை போட்டால் முகம் சிவந்து மண்டையை இடிக்கிறது என்று அவள் அடிக்கடி அலுத்துக்கொள்வாள். "எடுத்து எங்கயாவது போட்டுடறியா? நிஜத்தைச் சொல்லு ஹம்சா. இது விளையாட்டில்லை."

ஹம்சா தலையணையில் சாய்ந்தபடி வெகு சாதாரணமாகச் சொன்னாள். "அக்கா எடுத்துக்கறா போல இருக்கு."

"உளறாதே."

"தூக்கத்துல யாரோ பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கும். மஞ்சள் பூசிக் குளிச்ச வாசனை. கண்ணைத் திறந்தா இருக்க மாட்டா. எடுத்துண்டு போகட்டுமே. அன்னிக்கு அவளுக்குத்தான் ஒரு மாத்திரைகூட யாரும் குடுக்கலையே."

அதில் கோபம் ஏதாவது இருந்திருந்தால் ஜெயராம் பதிலுக்குக் கத்தியிருப்பார். கோபமே இல்லாததுதான் அவரைக் குடைந்தது.

குறைந்த மாத்திரையைப் பிறகு கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. அவர் டிபனை முடித்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடும் அவசரத்தில் நாலு நாளைக்கு ஒரு நாள் மறந்துபோயிற்று. ஹம்சாவோ இருப்பதை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள். தை பிறப்பதற்குள் அவள் கணுக்கால் வீங்கிவிட்டது. உதட்டில் நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு நிறம் வந்தது. அடையாறுக்கு அழைத்துப்போனபோது டாக்டர் ராமானுஜம் எக்கோ படத்தைப் பார்த்துவிட்டு, "மருந்து ஒழுங்காப் போகலை சார். இப்படியே போனா சித்திரை வரைக்கும் என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது" என்றார்.

ஜெயராம் மறுநாள் காலை குளிக்கப் போகவில்லை. பெட்டியை நிரப்பி ஸ்டூலில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்தார். ஹம்சா லேசாகக் குறட்டை விட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ரத்னாவின் துடைப்பச் சத்தம். மூடியைத் திறந்தே வைத்திருந்தார். கிண்ணத்தில் சிவப்பு பளபளவென்று இருந்தது.

பால்காரன் பாக்கெட்டைக் கம்பியில் மாட்டும் சத்தம் கேட்டது. ஜெயராம் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது கிண்ணத்தில் மூன்று இருந்தன.

ஸ்டூலில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், லேசான மஞ்சளாக. மாடிப்படியில் சத்தம் கேட்டது. யாரோ ஏறுகிறார்கள். இரண்டு படி, ஒரு நிறுத்தம். உஸ்ஸென்று ஒரு மூச்சு. இன்னும் இரண்டு படி, மறுபடி நிறுத்தம்.

அந்த ஏற்றம் அவருக்குத் தெரியும். அவருடைய பத்தொன்பது வருஷத்துப் பழைய பாவம் அது. ஜானு கடைசி ஒரு வருஷம் அப்படித்தான் ஏறுவாள். ஜெயராம் கீழே நின்றுகொண்டு, "என்ன, ஏழுமலையா ஏறறே? நடிப்புக்கு ஒரு அளவு வேண்டாமா" என்று கேலி செய்வார். அவளும் சிரித்துவிட்டு ஏறுவாள். கேலி செய்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு சௌகரியமாக இருந்தது.

டிரான்ஸ்பார்மர் வெடித்துப் புகைந்தபோதெல்லாம் முதல் ஆளாக ஏணியில் கால் வைத்தவர், அன்றைக்குத் தன் வீட்டுப் படியில் கால் வைக்கவில்லை. மேலே சத்தம் அடங்கும் வரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளிலிருந்து காலைக் கிண்ணத்தில் இரண்டு சிவப்பு போட்டார். ஒன்று போயிற்று, ஒன்று மிஞ்சியது. மிஞ்சியது ஹம்சாவுக்குப் போயிற்று. இரண்டே வாரத்தில் அவள் கால் வீக்கம் வடிந்தது, உதட்டுக்குப் பழைய சிவப்பு திரும்பியது. டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அட்டவணையில் மட்டும் ஜெயராம் எதையும் மாற்றவில்லை. மாற்றினால் யார் பெயரில் எழுதுவது?

கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று கோபாலபுரத்திலிருந்து ஜெயராமின் அக்கா சுப்பம்மா வந்து இறங்கினாள். வீட்டில் தாலியோடு போன பெண்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, ஆசி வாங்காமல் எந்தப் பெண்ணுக்கும் அந்தக் குடும்பத்தில் தாலி ஏறியதில்லை. பெண்டுகளாக உட்காரும் சுமங்கலிகள் ஐந்து பேருக்கு இலை, கல்யாணமாகாத பெண் ஒருத்திக்கு ஓர் இலை. எல்லாவற்றுக்கும் தலைப்பில் ஒரு மணையைப் போட்டு, நனைத்து உலர்த்திய ஒன்பது கஜப் புடவையை மடிப்பு மடிப்பாகக் கொசுவி வைத்து, மேலே பூவும் மஞ்சளும் வைத்து, அதன் எதிரே இன்னோர் இலை. அது போனவளுக்கு. இந்த வீட்டில் அது ஜானுவின் இலை.

ஐந்து பேரில் ஒருத்திக்குக் காலையில் வர முடியாமல் போய்விட்டது. அப்போது சுப்பம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. தி. நகர் மாமி, சாய்நாத்தின் அம்மா, அன்றைக்குக் கபாலி கோயிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். "நாளைக்கு நம்மாத்து மனுஷிதானே, அவளையே உட்கார வெச்சுடலாம்" என்றாள் சுப்பம்மா. சம்பந்தியாகப் போகிறவள் மடிசாரைக் கட்டிக்கொண்டு வந்தாள், மூன்றாவது இலை அவளுக்கு என்றாயிற்று.

பதினொரு மணி இருக்கும். இலைகளில் பரிமாறி முடித்து, எல்லாரையும் வாசல் பக்கம் போகச் சொல்லி, ஹம்சாவையும் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு, கூடத்துக் கதவைச் சாத்தினாள் சுப்பம்மா. போனவர்கள் வந்து பார்க்க ஐந்து நிமிஷம் தனிமை விட வேண்டும் என்பது வழக்கம். சாத்திய கதவுக்கு வெளியே பெண்கள் சன்னக் குரலில் புடவை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெயராம் மட்டும் கதவோடு ஒட்டி நின்றார். உள்ளே யாரோ மெதுவாக நகரும் சத்தம் அவருக்குக் கேட்டது.

கதவைத் திறந்ததும் சுப்பம்மா "ஐயோ" என்று பின்வாங்கினாள்.

ஜானுவின் மணையில் ஷ்ரேயா உட்கார்ந்திருந்தாள். கொசுவி வைத்த புடவை அவள் மடியில் இருந்தது. விடியுமுன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மாடிக்கும் கீழுக்குமாக நாலைந்து தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். எல்லாரும் வெளியே போனது தெரியாமல் கடைசித் தடவை இறங்கி வந்திருக்கிறாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருடி. அது உங்கம்மா எலை" என்றாள் சுப்பம்மா. "கல்யாணப் பொண்ணு உட்காரற இடமா அது?"

"முடியலை அத்தை. கண்ணை இருட்டித்து. கிட்ட இருந்த மணையில உட்கார்ந்துட்டேன்." மூச்சு திரும்ப ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹம்சாவைப் பார்த்துக் கேட்டாள். "சித்தி, இன்னிக்குக் காலம்பற அந்தச் சிவப்பு மாத்திரை குடுக்க ஏன் வரலை?"

தி. நகர் மாமி ஹம்சாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எதுக்குடி உனக்கு மாத்திரை குடுக்கப் போறேன்?" என்றாள் ஹம்சா.

"தினம் குடுக்கறேளே. மார்கழியிலேர்ந்து. நான் படியில நின்னு நின்னு ஏறறதைப் பார்த்துட்டேள், கல்யாணம் நின்னுபோயிடும்னு யார்கிட்டயும் சொல்லாம குடுக்கறேள்னு நினைச்சேன். கண்ணைத் திறக்காதே, முழுங்குடி கண்ணான்னு சொல்லுவேள். கை மட்டும் ஜில்லுன்னு ஈரமா இருக்கும். இன்னிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கணும்னு நாலு மணிக்கே எழுந்து இறங்கிட்டேனே, அதனாலயா வரலை?"

ஹம்சா தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் எப்போதும் சூடாகத்தான் இருக்கும், அந்த மாத்திரையின் வேலை அது. "நான் அந்த மாடியைப் பார்த்தே மூணு மாசமாச்சு கண்ணா" என்றாள். அப்போதுதான் ஷ்ரேயாவுக்குப் பயம் வந்தது. மடியிலிருந்த புடவையைக் கீழே வைக்கப் போனவள், வைக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சுப்பம்மா நிலைமையை அமுக்கப் பார்த்தாள். "பசி மயக்கத்துல குழந்தை ஏதோ பேசறது. மாமி, நீங்க உட்காருங்கோ" என்று தி. நகர் மாமியின் தோளைத் தொட்டாள். ஜெயராமின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணால் அதட்டினாள். அவள் அதட்டியதற்கு நியாயம் இருந்தது. இன்னும் இருபத்தெட்டு நாளில் கல்யாணம். பேசாமல் இருந்தால் எல்லாம் நடந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண் தி. நகரில் யார் வீட்டு மாடிப்படியிலோ நின்று நின்று ஏறுவாள். கீழே எவனாவது நின்று கேலி செய்வான்.

"ஜானுவுக்கு விஷ ஜுரம் ஒண்ணும் வரலை" என்றார் ஜெயராம்.

"டேய்" என்றாள் சுப்பம்மா.

"மூச்சு முட்டித்தான் செத்தா. ஒரு வருஷமாச் சொன்னா, படியேற முடியலைன்னு. நான் நடிக்கறான்னேன். ஒரு டாக்டர்கிட்டக் காட்டலை. செத்தப்புறம் மானம் போயிடும்னு ஜுரம்னு சொல்லிண்டோம். அதே வியாதிதான் அவ தங்கைக்கு வந்திருக்கு. இப்போ அவ பொண்ணுக்கும் வந்திருக்குன்னு நினைக்கறேன். வேற யாருக்காவது இருந்ததான்னு டாக்டர் கேட்டார். இந்தக் கல்யாணத்துக்காக மறைச்சுட்டேன். சொல்லியிருந்தா அன்னிக்கே இவளையும் பார்த்திருப்பார்." இதையெல்லாம் அவர் தி. நகர் மாமியைப் பார்த்துச் சொல்லவில்லை. பரிமாறிய இலையைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார்.

"எழுந்திருக்கவாப்பா?" என்று ஷ்ரேயா கேட்டாள்.

"வேண்டாம். அங்கயே உட்கார்ந்து சாப்பிடு."

போனவளின் இலையில் உயிரோடு இருக்கிற பெண் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை, ஏனென்றால் யாரும் சாப்பிட்டதில்லை. சுப்பம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷ்ரேயா பாயசத்தில் ஆரம்பித்து மெதுவாகச் சாப்பிட்டாள். தி. நகர் மாமியும் உட்கார்ந்தாள். பெண்டாக வந்தவள் சாப்பிடாமல் போகக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். கடைசி மோர் வரை சாப்பிட்டு, கையலம்பி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, "ஆத்துல கலந்துண்டு சொல்லி அனுப்பறோம்" என்றாள். ஒன்றும் சொல்லியனுப்பவில்லை, மூன்றாம் நாள் ஜாதகம் மட்டும் தபாலில் திரும்பி வந்தது.

அதற்கெல்லாம் காத்திராமல், அன்று மத்தியானம் மூன்று மணிக்கே ஜெயராம் ஷ்ரேயாவை ஆட்டோவில் ஏற்றி அடையாறுக்கு அழைத்துப்போனார். டாக்டர் ராமானுஜம் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டப் போகிறார் என்று தெரிந்தது. திட்டினார்.

"இந்தச் சிவப்பு எல்லாருக்கும் குடுக்கற மிட்டாய் இல்ல சார். பத்துப் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் ஒத்துக்கும். மத்தவங்களுக்கு பிரஷர் விழுந்து அங்கேயே முடிஞ்சிருக்கும். அதான் டெஸ்ட் பண்ணாம நாங்களே தொட மாட்டோம். உங்க பொண்ணு தப்பிச்சிருக்கா. வியாதி இருக்கு, ஆனா ஆரம்பம். இவ்வளவு சீக்கிரம் யாரையும் நான் பிடிச்சதே இல்ல. இனிமே முறையா டெஸ்ட் பண்ணி, என்னென்ன சேர்த்துக் குடுக்கணுமோ நான் பார்த்துக் குடுக்கறேன். வெளியில போய்க் குடும்ப விவரம் குடுங்க. இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லுங்க."

வெளியே சின்ன மேஜையில் தமிழ்மொழி என்ற பயிற்சி டாக்டர் புதுக் கேஸ் ஷீட்டோடு உட்கார்ந்திருந்தாள். பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டாள். ஷ்ரேயாவுக்கு இருபது என்று எழுதினாள். எவ்வளவு நாளாக மூச்சு வாங்குகிறது, என்ன மாத்திரை, தினம் எத்தனை என்று கேட்டு எழுதினாள். ஜெயராம் எல்லாவற்றுக்கும் உள்ளது உள்ளபடி சொன்னார்.

"டாக்டரைக் கேக்காம இந்த மாத்திரையை யார் சார் குடுத்தாங்க?"

"அவ அம்மா."

"அம்மாவுக்கும் இதே பிராப்ளமா?"

"ஆமாம்."

"அவங்க வயசு?"

"இருபத்தேழு."

தமிழ்மொழி எழுதிவிட்டு, மேலே எழுதியிருந்ததைப் பார்த்தாள். பெஞ்சில் புடவையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஷ்ரேயாவையும் ஒரு தடவை பார்த்தாள். "சார், பொண்ணுக்கே இருபதுன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா" என்றார் ஜெயராம். "அதுக்கப்புறம் அவளுக்கு வயசாக நான் விடலை."